மூடியாச்சு

அவன் இன்னும் சொல்லவில்லை. இரும்பு இரும்பைத் தொட்ட சத்தம் ஒன்று கேட்டது, அது மூடி விழுந்த சத்தமாக இருக்கலாம், அவன் பூட்ஸ் ஏணியில் இடித்த சத்தமாகவும் இருக்கலாம், இந்தக் கோபுரத்துக்குள் எந்தச் சத்தமும் பிறந்த இடத்தில் நிற்பதில்லை, கீழே வாசலில் எங்களை ஏற்றிப் பார்க்கிற தவசிமுத்து சார் இருமினால் அந்த இருமல் எனக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு இருமுகிறது. இரண்டாவது தட்டில் நிற்கிறேன். முதுகு சுவரில். ஏணியில் கை வைக்கவில்லை. சொல் வந்த பிறகுதான் கை. காலையில் வேலை கேட்டு வந்த என்னையும் இசக்கிதுரையையும் காற்றாடிக்கு அடியில் நிறுத்திவைத்து அவர் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், ஓர் எழுத்தும் சிந்தக் கூடாது. "ஒவ்வொரு தட்டுலயும் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு மூடி. ஏறி வெளிய வாங்க, மூடிய இழுத்துச் சாத்துங்க, சாத்திட்டு மூடியாச்சுன்னு சத்தமாச் சொல்லுங்க. சொன்ன பெறவுதான் கீழ நிக்க ஆளு ஏணியத் தொடணும். மேல உள்ளவன் கையிலருந்து ஒரு நட்டு நழுவுனாலும் போதும், கீழ வாற தலை தேங்கா மாதிரி ஒடஞ்சிரும். சத்தத்த நம்பாதிய. சொல்ல நம்புங்க." இசக்கிதுரை சிரித்தான். "சொல்லு கேக்கலன்னா சார்?" "கேக்க வரைக்கும் நில்லு. சாயங்காலம் ஆனாலும் நில்லு." நிற்கிறேன். மூடிக்குச் சற்றுக் கீழே சுவரில் ஒரு விளக்கு எரிகிறது, நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்குள் அதுதான் குத்துகிறது, விளக்கைத் தாண்டி மூடி இருக்கிறதா, வானம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. கீழ் இரண்டு தட்டிலும் உடனே சொன்ன இசக்கிதுரையின் காலடி நின்றுவிட்டது. அது மட்டும் தெரிகிறது. நின்ற காலடியின் சத்தம் என்று ஒன்று உண்டு.

நிற்பது எனக்குப் புதிதா என்ன. காத்து என்றுதான் நாங்கள் காற்றைச் சொல்கிறோம், காத்துக் கிடப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம், பணகுடியில் பிறந்தவளுக்கு இரண்டும் ஒன்று. ஆனி பிறந்தால் கணவாய் வழியாக இறங்கும், கொடியில் துணி நிற்காது, அடுப்பில் தீ நிற்காது, பேசுகிற பேச்சில் பாதியை அது எடுத்துக்கொண்டு போகும், மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு நாங்களே முழுதாக்கிக்கொள்வோம், எங்கள் ஊரில் சண்டைகள் பலவும் அப்படி ஆரம்பித்தவைதான். "காத்தாடி ஒனக்காவத்தான் காத்துக் கெடக்கோ" என்றார் என் வீட்டுக்காரர் ராஜலிங்கம் நேற்று, கேலியாகத்தான், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. இறக்கைகளை ஏற்றிப் போகிற நீள லாரி ஓட்டுகிறவர். "அதோட எறக்கைய நான் வளைவுல வளைச்சு வளைச்சுக் கொண்டாந்து எறக்குனேன், நீ போயி அதுக்கு எண்ண போடப் போறியாக்கும். குடும்பமே காத்தத் தின்னு வாழட்டு." பிறகு, ஊசியைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கயிறு எல்லாம் நல்லா இருக்குமா ட்டி?" என்றார். நல்லா இருக்கும் என்றேன். நல்லாத்தான் இருக்கிறது. இடுப்பில், தொடையில், தோளில் வார் இறுகி, நெஞ்சுக்கு நடுவில் ஒரு கொக்கி, ஏணியின் கம்பியில் ஓடுகிற கொக்கி. நாங்கள் ஏறுவதற்காக இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தினால் அசையாது என்று நினைத்திருந்தேன். அசைகிறது. இவ்வளவு பெரிய இரும்புக் குழாய் ஒரு தென்னை மாதிரி மெல்லச் சாய்ந்து மெல்லத் திரும்புகிறது, கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுக்குத் தெரியும், பிள்ளை முதன்முதல் புரண்டபோது தெரிந்த மாதிரி. வெளியே காற்று சுவரைத் தடவுகிறது. தடவவில்லை, முகர்கிறது. உள்ளே யார் என்று பார்க்கிறது.

ஏன் சொல்லவில்லை. ஒரு சொல்தானே. மூடியாச்சு. எனக்கு எத்தனை பேர் எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்த வருஷம், கணவாய் முழுக்கக் காற்றாடி முளைத்துக்கொண்டிருந்தது, இனி வேலைக்கு என்ன பஞ்சம் என்று எங்கள் சார் வகுப்பில் சன்னலைக் காட்டிச் சொன்னார், பிள்ளைகளா, வெளியே பாருங்க, நிக்குது பாருங்க ஒங்க சம்பளம். நான் முதலில் போன கம்பெனியில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே சொன்னார், "அந்தப் போஸ்டு மூடியாச்சும்மா." அடுத்ததில் பெண்பிள்ளைகளைக் கோபுரத்தில் ஏற்றுவதில்லை என்றார்கள். இன்னொன்றில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்ற சொல்லுக்கு உள்ளே சொல்லும் இல்லை, அனுப்புவதும் இல்லை. பிறகு கல்யாணம், பிள்ளை, பிறகு சோலார் வந்தது, பொட்டல் முழுக்கக் கண்ணாடி விரித்தார்கள், அங்கேயும் பொறியாளர் வேலை மூடியாச்சு, கண்ணாடி கழுவுகிற வேலை மட்டும் திறந்திருந்தது. கழுவினேன். நீளக் கம்பில் துடைப்பானைக் கட்டி, விடிவதற்குள் ஆரம்பித்து, வெயில் ஏறினால் கண்ணாடிக்குள் நூறு சூரியன், ஒவ்வொன்றிலும் என் முகம் கறுத்து நிற்கும். டிப்ளமா படித்தவள் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் நான் சொன்னதில்லை, சொன்னால் பேர் வைத்துவிடுவார்கள், ஆனாலும் வைத்தார்கள், இஞ்சினியரம்மா, வாளிய எடு. பேப்பரில் எழுதுகிறார்கள், இந்தத் துறைக்கு லட்சக்கணக்கில் ஆள் தேவை, ஆள் கிடைக்காமல் திண்டாட்டம் என்று. தவசிமுத்து சாரும் இன்று காலை அதையேதான் சொன்னார். "ஆளு வேணும் ஆளு வேணும்னு மேல உள்ளவன் அழுவான். எட்டுப் பேரு செய்ய வேலய நாலு பேரு செய்யோம். கையெழுத்துப் போடும்போது ஒரு ஆளுக்குத்தான் போடுவான்." ஒரு ஆள். நேற்று நேர்முகத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த அந்தப் பெண், நெற்றியில் பொட்டில்லாமல், அழகாக, என் வயதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள், "அடுத்த வருஷம்னா உங்களைக் கூப்பிட்டிருக்கவே முடியாது, தெரியுமா?" என்றாள், அன்பாகத்தான் சொன்னாள். தெரியும் மேடம் என்றேன். இந்தச் சுவருக்கு வெளியே எனக்கு இனி சுவர்தான்.

அவனுக்கு என்ன, இருபத்திரண்டு. அவனுக்கு இன்னும் எத்தனையோ கோபுரம். இப்படி நினைக்கக் கூடாது. அவன் அம்மாவும் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பாள். டீக்கடையில் முட்டைகோஸ் வடையைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தான், கேட்காமல், "யக்கா, போட்டின்னா போட்டிதான், ஆனா பசில போட்டி கெடையாது" என்றான். நல்ல பல் அவனுக்கு. வள்ளியூரில் ஏதோ பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்திருக்கிறான், அங்கே ஏறியது ஒரு மின்கம்பம்தான், அதுவும் பாதி வரைக்கும், அதையும் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். "அங்க என்ன சொல்லித் தந்தாவ தெரியுமாக்கா? பயமான்னு கேட்டா, சவால்களை விரும்புகிறேன் சார்னு சொல்லணுமாம்." நானும் சிரித்தேன். அப்போது அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். கட்டியதை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். நான் பார்த்தேன், பார்த்ததை எங்கேயோ வைத்துவிட்டேன். யார் முன்னால் என்று சார் கேட்டபோது அவன்தான் முந்திக்கொண்டான், "நான் போறேன் சார், அக்கா பின்னால வரட்டு. பொம்பளயாளு காலப் பாத்துக்கிட்டே ஏறுனா மரியாதையா இருக்காதுல்லா." எல்லோரும் சிரித்தோம். மரியாதை இல்லை அது. கீழே பார்க்க வேண்டியிராத இடத்தில் இருக்க நினைத்தான், முன்னால் போனால் அண்ணாந்து பார்த்தால் போதும் என்று நினைத்தான், மூடியைச் சாத்தக் கீழேதான் குனிய வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதா? இப்போது தோன்றுகிறது. சார் இன்னொன்றும் சொன்னார், கையைச் சொடுக்கிக்கொண்டு, எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்து. "பயம் வந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. பயந்தவன எறக்கிவிட்டு நாளைக்கு ஏத்தலாம், நானே மொத நாளு பாதில அழுதவன்தான். ஆனா மூடாம மூடியாச்சுன்னு சொல்லுறான் பாத்தியா, அவன இந்தக் கணவாய்ல ஒரு கோபுரத்துலயும் ஏத்த மாட்டேன். அவன் கொலகாரன்." நாளைக்கு ஏற்றலாம். அப்படியானால் நாளையும் இரண்டு பேர். நாளையும் ஒரு ஆள். காற்று கூடுகிறது. வார் இறுகிய இடத்தில் தொடை மரத்துவிட்டது. மேலே அவன் பேசுகிறானா, மூச்சு விடுகிறானா, கோபுரம் மூச்சு விடுகிறதா. சொல்லப்பா. சொல்லேன். இசக்கி, ஒரு வார்த்தை. நான் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் சார் கீழிருந்து என்ன என்பார், என்ன என்றால் எல்லாம் நிற்கும், நின்றதை மறுபடி ஓட்டுவார்களா, எனக்காக ஒன்று நின்று மறுபடி ஓடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வந்தது. மேலிருந்து வந்தது, இரும்பில் உருண்டு, நீண்டு, வாலில் ஒரு அக்கா ஒட்டிக்கொண்டு வந்தது. மூ, டியா, பிறகு காற்று, பிறகு க்கா. மூடியாச்சுக்கா. அதுதானே. வேறென்ன இருக்க முடியும். கை ஏணியைத் தொட்டுவிட்டது, நான் தொடச் சொல்லவில்லை, அது தொட்டுவிட்டது, கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுகிறேன், கால், கை, கால், கை, எவ்வளவு லேசாக இருக்கிறது உடம்பு, முழங்காலில் வலி எங்கே போனது, கண்ணாடி கழுவிய தோள் இது, இதற்கென்றே செய்த தோள், ராஜலிங்கம் பார்க்க வேண்டும், அந்தச் சென்னைப் பெண் பார்க்க வேண்டும். மூ வந்ததா? வந்தது. நீண்டதா குறுகியதா? இந்தக் குழாய்க்குள் எல்லாம் நீள்கிறது, இருமல்கூட நீள்கிறது. ச்சு வந்ததா? காற்று வந்தது. பாதியைக் காற்று எடுத்துக்கொண்டு போனால் மிச்சத்தை நாம் முழுதாக்கிக்கொள்வோம், அதுதானே வழக்கம். கால், கை. விளக்கு நெருங்குகிறது, கன்னத்தில் அதன் சூடு, தாண்டுகிறேன், விளக்கு இப்போது எனக்குக் கீழே. நிமிர்கிறேன். ஒரு சதுரம். மஞ்சளாக, வெளிச்சமாக, மேல்தட்டின் விளக்கு தெரிகிற சதுரம். மூடி சுவரில் சாய்ந்து திறந்தபடி நிற்கிறது. விளிம்பில் இரண்டு பூட்ஸ் தொங்குகின்றன. ஒன்று துடிக்கிறது, தையல் மெஷினில் ஊசி துடிக்கிற மாதிரி, சத்தமில்லாமல், நிற்காமல். அவன் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு கையாலும் ஏணியின் தலைப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கம்பியில் பதித்து, கண்ணை மூடி. மூடியிருப்பது அது ஒன்றுதான். நான் ஏதும் சொல்லவில்லை, சொன்னால் அசைவான். ஆனால் அவன் அசைந்தான், என் மூச்சு கேட்டதோ என்னவோ, இடுப்பிலிருந்து ஏதோ கழன்றது, பளிச்சென்று, மீன் புரளுகிற மாதிரி ஒரு வெள்ளை, உபரிக் கொக்கி, என் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்த காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. தொடவில்லை. தொடாமல் போனது என்பது என் காதுக்குத் தெரிகிறது, வாழ்நாள் முழுதும் தெரியும். பிறகு கீழே, நான் சாத்திவிட்டு வந்த மூடியின்மேல், அது விழுந்தது. கோயில் மணி விழுந்தால் அப்படிக் கேட்கும்.

"என்னம்மா அது? கனி! என்ன விழுந்துச்சு?" சார் குரல் எங்களுக்குக் கீழேயும் மேலேயும் இருக்கிறது. ஏறிவிட்டேன், அவன் காலை ஒதுக்கி விளிம்பைத் தாண்டி, தட்டில் முழங்கால் ஊன்றி, அவன் வாரைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கனமில்லை. சுவரோடு உட்காரவைத்து அவன் கொக்கியைச் சுவர் வளையத்தில் மாட்டினேன். மூடியை இழுத்துச் சாத்தினேன், இப்போது, எதற்கென்று தெரியாமல். கை பனிக்கட்டி அவனுக்கு. உதடு வெளுத்து ஒட்டியிருக்கிறது. "யக்கா" என்றான். "நான் முடியாதுன்னுல்லாக்கா சொன்னேன்." என்ன? "முடியாதுக்கா, வராதியன்னு சொல்ல நெனச்சேன். முடியாதுக்காங்கதுக்கு மேல வாயி வரல. நீங்க ஏறி வாறது கேட்டுது. அக்கா வாறாவளேன்னு..." முடியாதுக்கா. மூடியாச்சுக்கா. இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். மு குறுகியது, மூ நீண்டது. ஓர் எழுத்தின் நீளம்தான், இரும்பு அதை இழுத்து நீட்டியது. இரும்பா நீட்டியது? அவன் பயந்ததை வாய் திறந்து சொல்லியிருக்கிறான், சார் சொன்னபடியே சொல்லியிருக்கிறான், இந்தக் கோபுரத்தில் இன்று சரியாக நடந்தது அது ஒன்றுதான். சொல் வராமல் ஏணியைத் தொட்டவள் நான். "கனி! கேக்கா? மேல மூடி சாத்தியிருந்துச்சா?" இல்லை சார் என்றேன். "சாத்தலியா? பெறவு எப்பிடி ஏறுன? அவன் மூடியாச்சுன்னு சொன்னானா?" அவன் என்னைப் பார்க்கிறான். கண்ணில் பயம் இல்லை இப்போது, அதுதான் தாங்கவில்லை, அக்கா வந்துவிட்டாள் என்ற நிம்மதி இருக்கிறது, பாதி வடை கொடுத்தவனின் கண். சொல்லவில்லை என்றால் நான் இறங்குகிறேன், கண்ணாடிகளுக்குப் போகிறேன், நூறு சூரியனுக்குப் போகிறேன், நாளைக்கு இவனை ஏற்றுவார்கள். சொன்னான் என்றால். ஆனால் எனக்குக் கேட்டதே அதுதான். கேட்டது கேட்டபடி. என் காதில் விழுந்தது எதுவோ அதைத்தானே நான் சொல்ல முடியும், காதுக்குள் யார் வந்து பார்ப்பார்கள். கேட்டதா கனி? மூ நீண்டதா? நீ நீட்டினாயா? "கனி! சொன்னானா சொல்லலியா?"

"சொன்னான் சார்."

இசக்கிதுரை வாயைத் திறந்தான். அவன் பல் தெரிந்தது. சத்தம் வரவில்லை, வந்திருந்தாலும் இங்கிருந்து கீழே போவதற்குள் அது வேறு ஏதாவதாக மாறியிருக்கும், எனக்கு அது தெரியும், அவனுக்கும் இப்போது தெரியும். பிறகு சாரின் குரல் வந்தது, கத்தவில்லை, சாதாரணமாகத்தான், குழாய் அதை மேலே கொண்டுவந்து தந்தது. "அவன அங்கயே உக்காரச் சொல்லு. எதையும் தொட வேண்டாம். நான் ஏறி வந்து கூட்டிட்டுப் போறேன். அவனுக்கு இதோட சரி." பிறகு, "நீ மேல போ. காத்து கூடுது, உச்சியில நம்ம ஆளு ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்." நீ மேல போ. இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத சொல். கொக்கியை அடுத்த ஏணியில் மாட்டுகிறேன். இழுத்துப் பார்க்கிறேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடி திரும்பிப் பார்க்கிறேன், அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக இருக்கிறான், பூட்ஸ் கயிறு ஒன்று அவிழ்ந்து கிடக்கிறது. "யக்கா" என்கிறான். கால், கை, கால், கை. முழங்காலில் வலி திரும்பி வந்துவிட்டது. சுவருக்கு வெளியே காற்று என் கூடவே ஏறி வருகிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு படி, முகர்ந்துகொண்டு, இப்போது அதற்கு உள்ளே யார் என்று தெரிந்துவிட்டது. ஓட்டை வழியாகத் தலையை நுழைக்கிறேன், தோள், இடுப்பு, கால். தட்டில் நிற்கிறேன். இனிக் குனிய வேண்டும். கீழே பார்க்காமல் மூடியைச் சாத்த முடியாது. பார்க்கிறேன். ஆழத்தில் ஒரு மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் ஒரு முகம், அண்ணாந்து, சின்னதாக, இங்கிருந்து பார்த்தால் யாருடைய முகமாகவும் இருக்கலாம், கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒரு பெண்ணின் முகமாகக்கூட. மூடியை இழுக்கிறேன். முகம் பாதியாகி, கோடாகி, இரும்பாயிற்று. இனிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடுத்த ஏணியைத் தொடக் கூடாது.

"மூடியாச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். கீழே அவனுக்கு எது கேட்டது என்று தெரியவில்லை.